எவனாவது எடுத்துட்டு வருவான்!

"மச்சான், பஞ்சர் கிட் யாருகிட்ட இருக்கு?"

"எவனாவது எடுத்துட்டு வருவான் மாப்ள, விடு."

நாலு பேருக்கு மேல சேர்ந்து பைக்ல ரெண்டு மூணு நாள் டூர் கிளம்பினா இந்த டயலாக் வராம இருக்கவே இருக்காது. பஞ்சர் கிட்டுக்குப் பதிலா பம்ப்பு, கயிறு, பேண்டேஜ், டார்ச் லைட்டுன்னு எதை வேணா போட்டுக்கோங்க. பதில் மட்டும் மாறாது. இந்த "எவனாவது"ங்கிற புண்ணியவானை நானும் பல வருஷமா தேடிட்டு இருக்கேன் மக்களே. ஒரு டூர்லயும் ஆளு கண்ணுல மாட்டினதில்ல. ஆனாலும் அவரை நம்பித்தான் ஒவ்வொரு தடவையும் வண்டிய ஸ்டார்ட் பண்றோம்.

போன வாரம் ஆபீஸ்ல நாலு பசங்க மூணாறு போறதப் பத்திப் பேசிட்டு இருந்தாங்க. ஒரு மணி நேரம் பேசினாங்க. எந்த கேமரா, எந்த ஜாக்கெட், வீடியோவுக்கு எந்தப் பாட்டு, எல்லாம் முடிவாச்சு. கடைசியில ஒருத்தன் மட்டும் "டேய், ஃபர்ஸ்ட் எய்டு?"ன்னான். இன்னொருத்தன் மேல சொன்ன அதே பதிலை அப்படியே ஒப்பிச்சான். எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க. திட்டு எனக்கும் சேர்த்துத்தான்.

மொதல்ல எங்க கதை.

2017 ஜூலை. கோயமுத்தூர்ல கிளம்பி வால்பாறை, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி, மூணாறு, மறையூர், உடுமலை வழியா திரும்ப வீடு. நாலு நாள், சுமார் 500 கிலோமீட்டர். ஏழு வண்டி, ஒம்பது பேர். ஒரு மாசம் முன்னாடியே வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சாச்சு. டூருக்குப் பேர் வைக்கறதுக்கே அறுவது எழுவது மெசேஜ். டீ சர்ட் கலருக்கு ஓட்டெடுப்பு. பேர் போட்டு ஆறடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். ஹெல்மெட்ல மாட்டற கேமரா மூணு. ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒண்ணு. சீட்டுக்கட்டு ரெண்டு. சிப்ஸ் பாக்கெட் எத்தனைன்னு கணக்கில்ல. இவ்வளவும் ஞாபகமா எடுத்துட்டுப் போனோம்.

ஆழியாறு செக்போஸ்ட் தாண்டினா வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒம்பதாவது வளைவுல நின்னு, கீழ அணை தெரியற மாதிரி பேனரைப் புடிச்சு போட்டோ எடுத்தோம். லேசா சாரல். எல்லாருக்கும் ஒரே குஷி.

முப்பதைத் தாண்டின ஒரு வளைவுல எனக்கு முன்னாடி போன நண்பன் வண்டி திடீர்னு பின்சக்கரம் இறுகி, அப்படியே சறுக்கி, ரோட்டோரமா போய் விழுந்தது. வேகமெல்லாம் இல்ல, முப்பதுக்குள்ளதான் இருக்கும். சீட்டுக்குப் பின்னாடி பையைக் கட்டியிருந்த கொக்கி வெச்ச எலாஸ்டிக் கயிறு குலுக்கல்ல கழண்டு, தொங்கி, செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. அவ்வளவுதான் விஷயம். நல்ல ஹெல்மெட் போட்டிருந்ததால தலை தப்பிச்சது. கையில க்ளவுஸ் இல்ல. விழும்போது எல்லாரும் கையைத்தானே ஊணுவோம்? ரெண்டு உள்ளங்கையிலயும் தோல் உரிஞ்சு ரத்தம். வலது மணிக்கட்டு வீங்க ஆரம்பிச்சது. முழங்கால்ல பேன்ட்டோட சேர்ந்து கிழிஞ்ச காயம்.

எட்டு பேர் சுத்தி நிக்கறோம். ரத்தத்தைத் துடைக்க ஒரு சுத்தமான துணி இல்ல. பஞ்சு இல்ல, பேண்டேஜ் இல்ல. சிக்கின கயித்தை அறுக்க ஒரு பேனாக்கத்தி இல்ல. சக்கரத்தைத் தளர்த்த ஸ்பேனர் தேடினா, வண்டியோட வந்த டூல் கிட்டை வீட்டுல எடுத்து வெச்சுட்டு அந்த எடத்துல சார்ஜரைத் திணிச்சிருக்கான் ஒரு மகராசன். ஒருத்தன் போன்லயும் சிக்னல் இல்ல. கேமரா மட்டும் மூணும் ஓடிட்டு இருந்தது.

மேல போற அரசு பஸ் ஒண்ணு நின்னுச்சு. டிரைவரும் கண்டக்டரும் இறங்கி வந்தாங்க. பஸ்ல இருந்த ஒரு எஸ்டேட் அம்மா, பொள்ளாச்சியில அப்பத்தான் வாங்கின புதுத் துண்டை எடுத்து ரெண்டா கிழிச்சு அவன் கையில சுத்தினாங்க. "தம்பி, பயப்படாத சாமி, ஒண்ணும் ஆகல"ன்னு அவனுக்கு ஆறுதல் வேற. கண்டக்டர் அவனைக் கைத்தாங்கலா பஸ்ல ஏத்திட்டு, எங்களைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்ப்பா, ஏழு வண்டியில வந்திருக்கீங்க. ஒருத்தர்கிட்டகூடவா ஒரு துணி இல்ல?"

திட்டியிருந்தாகூடத் தேவலை. அவர் நிஜமாவே புரியாமத்தான் கேட்டார். யாருக்கும் பதில் வரல. இன்னிக்கு வரைக்கும் எனக்கு வரல.

மணிக்கட்டு எலும்புல விரிசல். டூர் அன்னிக்கே முடிஞ்சது. அவன் சின்னதா ஒரு லேத் பட்டறை வெச்சிருக்கான். அவனே முதலாளி, அவனே தொழிலாளி. ஆறு வாரம் பட்டறை பூட்டிக் கெடந்துச்சு. கை ஓடினாத்தானே காசு?

இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்தப் பையை அவன் வண்டியில கட்டினது நான். விடியக்காலை கிளம்பற அவசரத்துல, "டைட்டா இருக்காடா?"ன்னு கேட்டான். இழுத்துக்கூடப் பார்க்காம "இருக்கு மாப்ள, ஏறு"ன்னேன். அவன் இதுவரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல. அதுதான் எனக்கு இன்னும் குத்துது.

சரி, இப்ப சண்டைக்கு வரேன்.

டூருக்குத் தயாராகறதுன்னா சாமான் வாங்கறதுன்னு நமக்கு யாரோ சொல்லிக் கொடுத்துட்டாங்க. எந்த வீடியோவைத் திறந்தாலும் "நீங்க வாங்க வேண்டிய பத்து பொருள்" கதைதான். வாங்கறது தப்பில்ல. க்ளவுஸ் வாங்கியிருந்தா அவன் கை தப்பிச்சிருக்கும். ஆனா நான் பார்த்த வரைக்கும் டூர்ல கவுத்துவிடறது இல்லாத பொருள் இல்ல. யார் பொறுப்புன்னு சொல்லாத பொருள். ஒம்பது பேர் தனித்தனியா மூட்டை கட்டினா ஒம்பது பேஸ்ட் வரும், ஒம்பது சார்ஜர் வரும், பம்ப்பு ஒண்ணுகூட வராது. அவனவன் தனக்கு வேணுங்கறதை எடுத்துக்குவான், எல்லாருக்கும் வேணுங்கறதை எல்லாரும் விட்டுடுவான். கல்யாண வீட்டுல பந்திக்கு உப்பு வைக்க மறந்த கதை மாதிரி. ஆளாளுக்கு இன்னொருத்தர் வெச்சிருப்பார்னு நெனச்சு நிப்பாங்க.

அதனால சொல்றேன், பொதுச் சாமானுக்கெல்லாம் பேர் போடணும். பேர்னா ஆளோட பேர். "ஃபர்ஸ்ட் எய்டு எடுத்துக்கணும்"னு குரூப்ல எழுதினா அது வேண்டுதல். "ஃபர்ஸ்ட் எய்டு: செந்தில்"னு எழுதினாத்தான் அது வேலை. செந்தில் மறந்தா செந்திலைக் கேக்கலாம். "எவனாவது"வை எங்க போய்க் கேக்கறது?

அப்புறம் எது பொது, எது சொந்தம்னு பிரிக்கணும். இதுல நெறைய பேர் கோட்டை விடறாங்க.

கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், ஃப்யூஸ், பல்பு, ஸ்பார்க் ப்ளக் இதெல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். என் வண்டி கேபிள் உன் வண்டிக்குச் சேராது. அதனால இது அவனவன் சொந்தப் பொறுப்பு. பெரிய ஊர்ல மெக்கானிக் கிடைப்பார், உன் வண்டிக்கான கேபிளும் அவர்கிட்ட இருக்கும்னு என்ன நிச்சயம்? டியூப்பும் அப்படித்தான். கம்பி ஆரம் போட்ட சக்கரம் வெச்ச வண்டிகள்ல பெரும்பாலும் டியூப் டயர்தான். முன்னாடி ஒரு சைஸ், பின்னாடி ஒரு சைஸ். ட்யூப்லெஸ் டயருக்கு வர்ற திரி கிட்டை வெச்சுக்கிட்டு டியூப் டயர்கிட்ட ஒண்ணும் பண்ண முடியாது. அங்க டயரைக் கழட்டற நெம்புகோல் வேணும், ஒட்டு வேணும், இல்ல மாத்து டியூப் வேணும். கிளம்பறதுக்கு முன்னாடி குரூப்ல எத்தனை வண்டி டியூப், எத்தனை ட்யூப்லெஸ்னு கேட்டீங்களா? நாங்க கேக்கல.

பம்ப்பு, ரெண்டு வகை பஞ்சர் கிட், நல்ல ஸ்பேனர் செட், கத்தி, டார்ச், இன்சுலேஷன் டேப், கேபிள் டை, எம்-சீல், செயின் ஸ்ப்ரே. இதெல்லாம் குரூப்புக்கு ஒரு செட் போதும். ஃபர்ஸ்ட் எய்டு மட்டும் ரெண்டு செட். ஒண்ணு மொதல்ல போற வண்டியில, ஒண்ணு கடைசியா வர்ற வண்டியில. ஏன்னா விழுந்தவன் எங்க விழுவான்னு தெரியாது. அதுல பெருசா ஒண்ணும் வேண்டாம். சுத்தமான காஸ் துணி, பேண்டேஜ் ரோல், ஒட்டற டேப், கிருமிநாசினி, கத்தரிக்கோல், க்ளவுஸ். அவனவன் தினமும் சாப்பிடற மாத்திரை அவனவன்கிட்ட. யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காது, வீட்டுல யாருக்கு போன் பண்ணணும்ங்கறதை ஒரு தாள்ல எழுதி ரெண்டு வண்டியிலயும் வைங்க. போன் லாக் ஆகிக் கெடக்கும்போது தாள்தான் பேசும். எங்களுக்கு அன்னிக்கு அவன் வீட்டு நம்பரே அவன் போனுக்குள்ளதான் இருந்தது.

பேப்பரும் அப்படித்தான். 2018-ல இருந்து டிஜிலாக்கர்ல இருக்கற லைசென்ஸும் ஆர்.சி.யும் செல்லும்னு மத்திய அரசே சொல்லிடுச்சு. செல்லும்தான். காட்டுக்குள்ள செக்போஸ்ட்ல டவர் இல்லாம ஆப் சுத்திக்கிட்டே இருக்கும்போது என்ன பண்ணுவீங்க? ஒரிஜினலை நனையாத கவர்ல போட்டு எடுத்துக்கோங்க. ஒரு கைப்பிடி எடைகூட இல்ல.

இப்ப கட்டற விஷயம். இதை நான் சொல்றதுக்கு எனக்கு எல்லாத் தகுதியும் இருக்கு :-(

கொக்கி வெச்ச எலாஸ்டிக் கயித்தை மட்டும் நம்பிப் பையைக் கட்டாதீங்க. பக்கிள் வெச்ச பட்டை வாங்குங்க. கட்டினப்புறம் மிச்சம் தொங்கற நுனியைச் சுருட்டி உள்ள செருகுங்க, இல்ல டேப் ஒட்டுங்க. எந்த நுனியும் சக்கரம், செயின், சைலன்சர் பக்கம் எட்டக்கூடாது. கனமான சாமான் கீழயும் நடுவுலயும். ரெண்டு பக்கப் பையும் எடையில சமமா இருக்கணும். சைலன்சர் பக்கம் தொங்கற பை உருகும், பத்தவும் செய்யும், இடைவெளி பாருங்க. பின்லைட்டும் இண்டிகேட்டரும் மறையக்கூடாது. முதுகுல பதினஞ்சு கிலோ பையை மாட்டிட்டு நாலு நாள் ஓட்டறவன் ரெண்டாம் நாளே தோளைப் புடிச்சிட்டு உக்காந்துடுவான், எடையை வண்டிக்குக் கொடுங்க. டயர் காத்து தனியாப் போறப்ப ஒரு அளவு, ஆளும் சுமையும் ஏறினா ஒரு அளவு. மேனுவல்ல போட்டிருக்கும். மழைக்குப் பைக்கு வெளிய போடற உறை போதாது. உள்ள துணியை ஒரு தடிமனான கவர்ல போட்டுக் கட்டுங்க, திரும்பத் திரும்ப உபயோகிக்கற மாதிரி. தமிழ்நாட்டுல 2019 ஜனவரியில இருந்து ஒரு தடவை உபயோகிச்சுத் தூக்கிப்போடற ப்ளாஸ்டிக் பைக்குத் தடை. மலைச் செக்போஸ்ட்ல பையைத் திறந்து பார்ப்பாங்க.

இதெல்லாத்தையும்விட முக்கியம் ஒண்ணு. கிளம்பற அன்னிக்குக் காலைல மொதல் தடவையா மூட்டை கட்டாதீங்க. ரெண்டு நாள் முன்னாடியே முழுசா கட்டி, அதே சுமையோட இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க. நல்லா மேடு பள்ளம் இருக்கற ரோட்டுல. எது ஆடுது, எது தொங்குது, ப்ரேக் எப்படிப் புடிக்குது, எல்லாம் அந்த இருபது கிலோமீட்டர்ல தெரிஞ்சுடும். கிளம்பின அன்னிக்கும் மொதல் டீக்கடையில ஒவ்வொரு கட்டையும் கையால இழுத்துப் பாருங்க. கண்ணால இல்ல, கையால.

இப்படிச் சொன்னா உடனே நாலு பேர் வருவாங்க. வரிசையா பதில் சொல்லிடறேன்.

"ப்ளான் பண்ணா த்ரில் போயிடும் பாஸ்." எது த்ரில்? மழைல ரத்தத்தோட ரோட்டோரம் உக்காந்திருந்தானே, அதுவா? எங்க போறோம்னு தெரியாமப் போங்க, எங்க தங்கறோம்னு தெரியாமப் போங்க, வேண்டாங்கல. ஆனா பேண்டேஜ் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

"எங்க தாத்தா வேட்டியைக் கட்டிட்டு ராஜ்தூத்லயே கொடைக்கானல் போனார்." போயிருப்பார். அவர் காலத்து ரோட்டுல இவ்வளவு லாரியும் காரும் இருந்துச்சா? அந்தத் தாத்தா வண்டிய ஒருநாள் எட்டிப் பார்த்திருந்தா சீட்டுக்கடியில ஸ்பேனரும் ப்ளக்கும் ஒரு பழந்துணியும் இருந்திருக்கும். எனக்குத் தெரிஞ்ச பழைய ஆளுங்க எல்லாம் அப்படித்தான். அவங்க வேட்டியை மட்டும் சொல்றோம், பழந்துணியை மறந்துட்டோம்.

"இதெல்லாம் காசிருக்கறவன் வேலை." இது எனக்கே கோவம் வர்ற பதில். முப்பதாயிரம் ரூபா ஜாக்கெட் போடாதவன் ரைடரே இல்லன்னு பேசற கூட்டம் ஒண்ணு இருக்கு, அவங்களோட எனக்கு ஒட்டே இல்ல. தடிமனான ஜீன்ஸ், கணுக்காலை மறைக்கற ஷூ, உள்ளங்கையில தோல் வெச்ச க்ளவுஸ், ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட். இதுல ஆரம்பிங்க. ஹெல்மெட்ல மட்டும் பேரம் பேசாதீங்க. 2021 ஜூன் 1-ல இருந்து முத்திரை இல்லாத டூ வீலர் ஹெல்மெட்டைத் தயாரிக்கவும் விக்கவும் கூடாதுன்னே உத்தரவு. பின்னாடி உக்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். ஃபர்ஸ்ட் எய்டுக்கும் பட்டைக்கும் ஆன செலவா? நாங்க அடிச்ச பேனர் காசுல ரெண்டையும் வாங்கி மிச்சத்துல டீ குடிச்சிருக்கலாம்.

"எடை கூடும்." அப்படிங்களா? நாலு நாளைக்கு அஞ்சு ஜீன்ஸ் எடுத்துட்டு வந்தது யாரு? ரெண்டு போதும், துவைச்சுக்கலாம். ஒரு ஜீன்ஸை வெளிய எடுத்தா அந்த எடத்துல பம்ப்பும் பஞ்சர் கிட்டும் உக்காந்துக்கும்.

"108-க்கு போன் பண்ணா வரப்போறாங்க." வருவாங்க. 2008-ல இருந்து தமிழ்நாட்டுல அந்த வண்டி காப்பாத்தின உசுரு ஏராளம். ஆனா போனுக்கு டவர் வேணும், வண்டி மலை ஏறி வரணும். அதுவரைக்கும் அவன் பக்கத்துல இருக்கப்போறது நாமதான். அதுக்குத்தானே குரூப்பா போறோம்? இல்ல, போட்டோவுல கூட்டமாத் தெரியறதுக்கா?

எனக்கு இந்த விஷயத்துல கோவம் வர்றதுக்குக் காரணமே இதுதான். தனியாப் போறவன் பயத்துல எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்குவான். கூட்டமாப் போறவன் தைரியத்துல எல்லாத்தையும் விட்டுட்டுப் போவான். கூட்டம் இருக்குங்கற தைரியமே கூட்டத்தைக் கவுக்குது.

2019 ஜனவரியில அதே ரூட்டைத் திரும்பப் போனோம். ரெண்டு பேர் வரல, மிச்ச ஏழு பேர். இந்தத் தடவை லேத் பட்டறைக்காரன்தான் தலைவர். கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எல்லாரையும் பட்டறைக்கு வரச் சொன்னான். பைகளோட. தரையில ஒரு தார்ப்பாயை விரிச்சு, "பையைக் கொட்டுங்கடா"ன்னான். வெக்கமா இருந்துச்சு, ஆனா கொட்டினோம். நாலு ஷாம்பூ பாட்டில் வந்துச்சு, மூணைத் திருப்பி அனுப்பினான். பம்ப்பு ரெண்டு வந்துச்சு, ஒண்ணைத் திருப்பி அனுப்பினான். டார்ச்ல பேட்டரி இருக்கான்னு போட்டுப் பார்த்தான். தாள்ல ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல பேர் எழுதினான். என் பேருக்கு எதிர்ல எழுதினது "கயிறு, பட்டை". ஒண்ணும் சொல்லாம எழுதினான். நானும் ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிட்டேன்.

அந்த டூர்ல எங்களுக்கு ஒண்ணுமே ஆகல. கொண்டுபோன கிட்டை ஒரே தடவைதான் பிரிச்சோம். மறையூர் தாண்டி சின்னார் காட்டு ரோட்டுல பெரியவர் ஒருத்தர் டி.வி.எஸ். வண்டிய பஞ்சரோட தள்ளிட்டு வந்தார். சாயங்காலம் ஆயிடுச்சு, யானை நடமாடற எடம். நாலு பேர் உக்காந்து டியூப்பைக் கழட்டி, ஒட்டுப் போட்டு, காத்தடிச்சுக் கொடுத்தோம். அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு, எங்களுக்குப் பழக்கம் இல்லாததால. அவர் வண்டிய எடுத்துட்டுக் கிளம்பும்போது, "எவனாவது வருவான்னு நெனச்சுட்டே தள்ளிட்டு வந்தேன் தம்பி, நல்லாயிருங்க"ன்னார்.

நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். ரொம்ப நாளாத் தேடிட்டு இருந்த ஆளை அன்னிக்குத்தான் பார்த்தோம்.

உங்க குரூப்ல அடுத்த டூருக்குப் பேர் வெச்சு முடிச்சுட்டீங்களா? நல்லது. அப்படியே ஒரு தாளை எடுத்து, பம்ப்புக்கு எதிர்ல ஒரு ஆளோட பேரையும் எழுதிடுங்க.

டிஸ்கி: தாள்ல "செந்தில்"னு உதாரணம் சொன்னது சும்மா ஒரு பேர். எந்தச் செந்திலும் சண்டைக்கு வர வேண்டாம். வந்தாலும் ஃபர்ஸ்ட் எய்டு கிட்டோட வாங்க :-)